பாய்மரத் தோணியில் ஓர் இரவு: இளைஞர் குழுவை அழைத்துப் போகிறவர்களுக்கு

சாரணர் படையோ, என்.சி.சி. கடற்படைப் பிரிவோ, ஊர் இளைஞர் மன்றமோ, பழைய மரத்தோணி ஒன்றில் ஓர் இரவு தங்க நினைத்தால் முதலில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். பிள்ளைகள் அங்கே விருந்தாளிகளாகப் போகிறார்களா, கப்பலாட்களாகப் போகிறார்களா? விருந்தாளிகள் என்றால் கடற்கரையில் கூடாரம் அடிப்பதே மேல். செலவும் குறைவு, தொல்லையும் குறைவு. கப்பலாட்கள் என்றால் கயிறு பார்ப்பது, அடித்தண்ணீர் அளப்பது, நடுச்சாமத்தில் காவல் நிற்பது எல்லாம் அவர்கள் வேலை. கீழே சொல்லியிருப்பது முழுக்க இந்த இரண்டாவது வழிக்கானது.

வெளிநாட்டு அருங்காட்சியகக் கப்பல்களிலும் இப்படித்தான் செய்கிறார்கள். அமெரிக்காவின் சான் டியேகோ துறைமுகத்தில் நிற்கும் ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ 1863இல் கட்டப்பட்ட இரும்புப் பாய்மரக் கப்பல். பள்ளிப் பிள்ளைகள் இரவு தங்கி மாலுமி வேலை பழக அந்த அருங்காட்சியகம் ஏற்பாடு செய்து வந்திருக்கிறது. அந்தக் கப்பலுக்கு நம் கடலோடும் ஒரு கணக்கு உண்டு. ‘யூட்டர்பி’ என்ற பழைய பெயரில் ஓடிய காலத்தில், 1865இல் சென்னைக்கு அப்பால் வங்கக் கடல் புயலில் சிக்கி, பாய்மரங்களை வெட்டிவிட்டுத் திருகோணமலைக்குத் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்தது. சீதக்காதி வள்ளலின் கீழக்கரையும் பழைய பாண்டித் துறையான தொண்டியும் இருக்கிற கரையில் வளரும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே பிடிபடும்.

எந்த மாதம், எந்தக் கடல்

இராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடல். பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வாடைக்காற்று அடிக்கும்போது வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் ஓரளவு அடங்கி இருக்கும். கச்சானும் (மேல்காற்று) சோழகமும் (தென்காற்று) அடிக்கும் மாதங்களில் இது தலைகீழ். முதல்முறை போகிறவர்களுக்கு பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் முடிய உள்ள காலமே நல்லது. வாடை தணிந்திருக்கும், சோழகம் இன்னும் எழும்பியிருக்காது, வெயிலும் தாங்கும். தேர்வு குறுக்கே வரும் என்பது உண்மைதான். ஒன்பதாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளாகப் பார்த்து எடுத்தால் சமாளிக்கலாம்.

கோடை விடுமுறைதான் பலருக்கும் முதலில் தோன்றும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் ஒன்றோடொன்று கட்டி ஜெட்டியை அடைத்துக்கொண்டு நிற்கும். வெல்டிங், பெயிண்ட், டீசல் என்று எந்நேரமும் வேலை நடக்கும். அந்த நெருக்கடிக்குள் பிள்ளைகளைத் தூங்க வைக்காதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அறவே வேண்டாம். தனுஷ்கோடியை அழித்த புயல் வந்ததும் 1964 டிசம்பர் 22 இரவுதான்.

நாள் குறித்த பிறகும் வானிலை பார்க்க வேண்டும். மூன்று நாள் முன்பிருந்து வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் அலை அறிவிப்பையும் காலை மாலை இரு வேளையும் பாருங்கள். பாம்பன் துறைமுகத்தில் எந்த எண்ணுள்ள புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தாலும் பயணம் ரத்து. ‘1ஆம் எண்தானே’ என்ற பேச்சுக்கே இடம் தராதீர்கள். கூண்டு ஏறாவிட்டாலும், காற்று மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் போகும் என்றால் புதியவர்கள் ஒத்திவைப்பதே சரி. ரத்து செய்யும் அதிகாரம் ஒரே ஒருவர் கையில் இருக்க வேண்டும், அவர் யார் என்று பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

தோணியைப் பார்த்து முடிவு செய்வது

ஜெட்டியில் கட்டி நிற்கும் தோணிதான் புதியவர்களுக்கு. கடலில் நங்கூரம் போட்டு நிற்பது அடுத்த கட்டம். பாய் விரித்து ஓடுவது இந்தக் கட்டுரைக்கு வெளியே.

பகல் வெளிச்சத்தில், தண்டல் (தோணியின் தலைவர்) உடனிருக்க, தோணியைச் சுற்றிப் பாருங்கள். கடைசியாகக் கலப்பத்து அடித்தது எப்போது என்று கேளுங்கள். பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசுகிற இந்த வேலைதான் மரத்தோணியின் உயிர். கரையில் ஏற்றிக் காயவைத்த தோணியைப் புதிதாகக் கடலில் இறக்கியிருந்தால், பலகைகள் ஊறி இறுகும் வரை கசிவு அதிகமாக இருக்கும். இறக்கி ஒரு வாரமாவது ஆகியிருக்கட்டும். வங்குக்கால்களில் (பலகைகளைத் தாங்கும் விலா மரங்கள்) பேனாக்கத்தி முனையை வைத்து அழுத்துங்கள். மெத்தென்று இறங்கினால் உளுத்த மரம். நீர் இறைக்கும் பம்பு ஓடுகிறதா என்று ஓட விட்டுப் பாருங்கள், பக்கத்தில் கை பம்பு ஒன்றும் இருக்க வேண்டும்.

பலரும் கேட்கத் தவறும் கேள்வி ஒன்று உண்டு: அடிப்பாரம் எவ்வளவு? சரக்கு இல்லாத வெறுந்தோணி நெட்டையான பாய்மரத்தோடு நின்றால், இருபது பேர் ஒரே பக்கம் ஓடும்போது நன்றாகச் சாயும். அடியில் மணல் மூட்டை பரப்பி, நகராதபடி கட்டியிருக்கிறார்களா என்று இறங்கிப் பாருங்கள். இறங்குவதற்கு முன் ஒன்று கவனிக்க வேண்டும். நாள்கணக்கில் மூடிக் கிடந்த சரக்கறைக்குள் உடனே இறங்கக் கூடாது. அழுகும் பொருளும் துருவும் உள்ளேயுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். இறங்கியவர் சத்தமில்லாமல் மயங்குவார், தூக்கப் போனவரும் மயங்குவார். மூடியைத் திறந்து ஒரு முழு நாள் காற்றாட விட்ட பிறகே இறங்குங்கள். பிள்ளைகளை எக்காரணம் கொண்டும் சரக்கறையில் படுக்க வைக்காதீர்கள்.

காகித வேலை

இது எல்லைக் கடல். இரவில் ஒரு தோணியில் இருபது பேர் இருக்கிறார்கள் என்றால் யாராவது வந்து கேட்பார்கள், கேட்பதும் நியாயம்தான். தோணி உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், தோணியின் பதிவுச் சான்று, ஜெட்டி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களின் அனுமதி (மீன்வளத் துறை அல்லது துறைமுக அலுவலகம்), பெற்றோர் கையொப்பமிட்ட படிவம் எல்லாம் வேண்டும். கடலோரப் பாதுகாப்புக் குழும காவல் நிலையத்தில் பெயர்ப் பட்டியலையும் அடையாள அட்டை நகல்களையும் பத்து நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். தென்கடல் தீவுகள் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். மண்டபம் முதல் தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே நங்கூரம் இறக்குவது குற்றம், கடற்புல்லுக்கும் பவளப்பாறைக்கும் கேடு.

மூன்று எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிப் பாய்மரத்தில் கட்டுங்கள்: கடலோரக் காவல்படை 1554, கடலோரக் காவல் நிலையம் 1093, ஆம்புலன்ஸ் 108. ராமேஸ்வரம் தீவுப் பக்கம் தங்குவதானால், தீவுக்கு வெளியே உள்ள மருத்துவமனைக்குப் போக சாலை வழி பாம்பன் பாலம் ஒன்றுதான் என்பதை நினைவில் வைத்து, ஒரு வண்டியை டிரைவரோடு ஜெட்டியிலேயே இரவு முழுக்க நிறுத்துங்கள்.

எத்தனை பேர், என்ன கொண்டு போவது

25 மீட்டர் அளவுள்ள தோணிக்கு 16 இளைஞர்கள், 4 பெரியவர்கள், தண்டலும் இரண்டு கப்பலாட்களும் என 23 பேர் போதும். பெண் பிள்ளைகள் இருந்தால் நால்வரில் இருவர் பெண்களாக இருக்க வேண்டும். ஏன் 16 என்பது இரவுக் காவல் பகுதியில் புரியும்.

உயிர்காப்புச் சட்டை 23 பேருக்கும் 23, உபரியாக 2. அளவு சரியா என்பதைக் கரையிலேயே பாருங்கள்: போட்டுப் பட்டிகளை இறுக்கிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் சட்டை காதைத் தாண்டக் கூடாது. 30 மீட்டர் கயிறு கட்டிய மிதவை வளையம் இரண்டு, அணியத்தில் (முன்பக்கம்) ஒன்று, அமரத்தில் (பின்பக்கம்) ஒன்று. தீயணைப்பான் இரண்டு, மணல் வாளி நான்கு.

குடிநீர் தலைக்கு 4 லிட்டர். 20 லிட்டர் கேன் 5 வரும். கை கால் கழுவவும் பாத்திரத்துக்கும் 8 கேன். மொத்தம் 260 கிலோ எடை என்பதை மறக்காமல், தளத்தின் நடுவில் தாழ்வாக வைத்துக் கட்டுங்கள்; ஓரமாக அடுக்கினால் தோணி சாய்ந்தே நிற்கும். ஆளுக்கு ஒரு பாய், ஒரு கனமான போர்வை, மாற்றுடை ஒன்று, டார்ச் ஒன்று. டார்ச் கண்ணாடியில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ஒட்டச் சொல்லுங்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடம் ஆகும். ஒரு செல்போன் வெளிச்சம் பட்டால் அந்த இருபது நிமிடமும் வீண். செல்போன்களை வாங்கிப் பெரியவர் ஒருவரிடம் வைத்துவிடுவது உத்தமம்.

ஏறுவது

சனிக்கிழமை மாலை 3 மணிக்கு ஜெட்டியில் கூடுங்கள். ஏறு பலகை குறைந்தது 45 செ.மீ. அகலம் இருக்க வேண்டும், ஓரடிக்கு ஒரு குறுக்குக் கட்டை, இரு பக்கமும் பிடிகயிறு. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். பை கையில் இருக்கக் கூடாது. முதுகில் போடலாம், அல்லது ஆள் ஏறிய பின் தனியாகத் தூக்கிக் கொடுக்கலாம். செருப்பை ஜெட்டியிலேயே கழற்றச் சொல்லுங்கள். தோணிக்குள் செருப்புக் காலோடு, அதிலும் அணியத்தில் நிற்பதைக் கப்பல்காரர்கள் யாரும் விரும்ப மாட்டார்கள். வெறுங்காலாக நிற்பதால், ஏறும் முன் தளத்தில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒருவர் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட வேண்டும்.

ஏறியதும் முதல் அரைமணி நேரம் தண்டல் பேசட்டும். அணியம் எது, அமரம் எது, சுக்கான், பருமல் (பாய் கட்டும் குறுக்கு மரம்), ஆஞ்சான் (பருமலை ஏற்றி இறக்கும் கயிறு), தாமான் (பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு), அடியில் ஓடும் ஏரா என்று ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி, பிள்ளைகள் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘தாமானைப் பிடி’ என்ற குரல் இருட்டில் வரும்போது எதைப் பிடிப்பது என்று கை அறிந்திருக்க வேண்டும். பெரியவர்களும் இந்த ஒரு இரவுக்கு அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். பள்ளியில் எவ்வளவு பெரிய பொறுப்பில் இருந்தாலும் சரி, தண்டல் ‘இறங்குங்க’ என்றால் இறங்க வேண்டியதுதான்.

ஜெட்டிக்கும் தோணிக்கும் நடுவில் கையையோ காலையோ விடக் கூடாது என்பதைத் தண்டல் வாயால் சொல்ல வையுங்கள். அலை லேசாகத் தூக்கினாலே பல டன் எடையுள்ள மரம் ஜெட்டியில் வந்து இடிக்கும். தோணியைத் தள்ளி நிறுத்தப் பழைய டயர்கள் இருக்கின்றன, பிள்ளைகளின் கால்கள் அதற்கு இல்லை.

மாலை வேலை

வெயில் தாழ்ந்ததும் கயிறு இழுப்பு. காற்று மென்மையாக இருந்தாலும் கட்டி நிற்கும் தோணியில் பாயை விரிக்காதீர்கள்; சுருட்டிக் கட்டிய பாயோடு பருமலை மட்டும் ஏற்றி இறக்கலாம். ஆஞ்சானில் எட்டுப் பேர், ஒருவர் பின் ஒருவராக, ஒரு கால் முன்னே வைத்து நிற்கட்டும். ஒருவர் ‘ஏலேலோ’ என்று எடுத்துக் கொடுக்க, ‘ஐலசா’வில் எல்லாரும் சேர்ந்து இழுப்பது. குரலுக்கு முன்னால் இழுத்தால் பருமல் ஒரு பக்கமாகக் கோணும். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கக் கூடாது, வழுக்கினால் விரல் போய்விடும். சுருண்டு கிடக்கும் கயிற்றுக்குள் காலை வைக்கக் கூடாது. பருமலுக்கு நேர்கீழே யாரும் நிற்கக் கூடாது. இறக்கும்போதுதான் விபத்து அதிகம். களைத்த கை கயிற்றை விட்டுவிடும். அதனால் மரக்கட்டையில் ஒரு சுற்றுப் போட்டு, மெல்ல மெல்ல விட வேண்டும்.

மீதி எட்டுப் பேர் அந்நேரம் போலைன் முடிச்சு (இழுத்தாலும் இறுகாத கண்ணி) பழகட்டும். கண்ணை மூடிக்கொண்டு பத்து வினாடியில் போட வருகிற வரை விடாதீர்கள். இரவில் உண்மையில் பயன்படப் போகிற முடிச்சு இது ஒன்றுதான்.

சாப்பாடும் கழிப்பிடமும்

சமையல் கரையில். 23 பேருக்கு 3 கிலோ அரிசி, 4 கிலோ மீனில் குழம்பு, ஒரு துவையல். தூக்குவாளியில் கொண்டு வந்து இருட்டும் முன் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். உள்ளூர்ப் பண்டாரி (கப்பல் சமையல்காரர்) ஒருவரைப் பிடித்தால் தலைவலி விட்டது. தோணியில் டீ மட்டும் போடலாம், அதுவும் மணல் பரப்பிய தகரத் தட்டின் மேல், திறந்த தளத்தில். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கிச் சரக்கறையில் தேங்கும். டீ ஆனதும் சிலிண்டரைக் கழற்றி ஜெட்டிக்கு அனுப்பிவிடுங்கள்.

கழிப்பிடத்தைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள். இந்த ஏற்பாடுகள் பெரும்பாலும் இதில்தான் சறுக்குகின்றன. ஜெட்டியில் கழிப்பறை இருந்தால் அதன் சாவி இரவு முழுக்க நம்மிடம் இருக்க வேண்டும், விளக்கும் தண்ணீரும் இருக்க வேண்டும். யாரும் தனியாகப் போகக் கூடாது: கூட ஒருவர், காவலில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு. கழிப்பறை இல்லையென்றால் தார்ப்பாய் மறைப்புக்குள் மூடியுள்ள வாளி இரண்டு, ஒரு டப்பா மரத்தூள். மாதவிடாய் நாப்கினும் கருப்புப் பைகளும் பெண் பொறுப்பாளரிடம் கேட்காமலே எடுக்கும்படி வெளியே வைத்திருங்கள். பிள்ளைகள் இரவில் எழுந்து போகப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். காலையில் வரும் தலைவலிக்கும் வாந்திக்கும் பாதிக் காரணம் அதுதான்.

இரவுக் காவல்

மற்ற எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். இரவு 10 முதல் காலை 6 வரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு காவலாக நான்கு காவல். ஒவ்வொன்றிலும் நான்கு இளைஞர்கள், ஒரு பெரியவர். பதினாறு பேருக்கும் ஒரு முறை வந்துவிடும். 12 முதல் 2 வரையான காவலுக்கு இளையவர்களைப் போடாதீர்கள்; தூக்கம் இரண்டாக உடைவது அவர்களுக்குத்தான் கடினம்.

காவலில் நால்வருக்கும் தனித்தனி வேலை. ஒருவர் கயிறு: முன் கயிறு, பின் கயிறு, குறுக்குக் கயிறுகள் இரண்டு. நம் கரையில் ஏற்றம் வற்றம் (கடல்மட்டம் ஏறி இறங்குவது) ஒரு மீட்டருக்குள்தான், ஆனால் குட்டையாகக் கட்டிய கயிறு வற்றத்தில் விறைத்து ஜெட்டிக் கட்டையைப் பிடுங்க அதுவே போதும். கயிறு ஜெட்டி விளிம்பில் உரசும் இடத்தில் சாக்கு சுற்றியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டாமவர் அடித்தண்ணீர்: குறியிட்ட குச்சியை விட்டு அளப்பது. மரத்தோணியில் கசிவு இருக்கத்தான் செய்யும், கூடும் வேகம்தான் கணக்கு. ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ.க்கு மேல் ஏறினால் தண்டலை எழுப்ப வேண்டும். மூன்றாமவர் ஆள் எண்ணிக்கை: படுத்திருப்பவர்களையும் காவலில் நிற்பவர்களையும் கூட்டினால் 23 வர வேண்டும். போர்வையை எண்ணாமல் தலையை எண்ண வேண்டும். நான்காமவர் காற்றும் வானமும், கூடவே ஏடு எழுதுவது. அரைமணிக்கு ஒரு சுற்று. ஏட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கும்:

‘12.30. காற்று தென்கிழக்கு, லேசு. முன் கயிறு சரி. பின் கயிறு இறுகல், தண்டலிடம் சொல்லி ஒரு முழம் விட்டது. அடித்தண்ணீர் 4 செ.மீ., முன்னே 3. ஆள் 23.’

அழகாக எழுத வேண்டியதில்லை. பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், பார்க்காததை எழுதக் கூடாது. காவல் மாறும்போது பழைய நால்வரும் ஏட்டை வாசித்துக் காட்டி, புதிய நால்வரும் ‘எடுத்துக்கொண்டோம்’ என்று சொன்ன பிறகே படுக்கப் போகலாம்.

காவலில் இருப்பவர்கள் எந்நேரமும் உயிர்காப்புச் சட்டையோடு இருக்க வேண்டும். யாராவது விழுந்தால் முதலில் பார்த்தவர் ‘ஆள் தண்ணியில’ என்று கத்திக்கொண்டே, விழுந்தவரிடமிருந்து கண்ணை எடுக்காமல் விரலால் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும். அடுத்தவர் மிதவையை எறிய வேண்டும். யாரும் குதிக்கக் கூடாது. இதைப் பகலில் ஒரு தேங்காயை எறிந்து பழகிவிடுங்கள்.

வானத்தைப் பார்க்க ஒரு பலகை

முதல் காவலுக்கும் கடைசிக் காவலுக்கும் இது நல்ல வேலை. சோழமண்டலக் கரை மாலுமிகள் இராப்பலகை என்ற சிறு பலகையைக் கொண்டு துருவ நட்சத்திரத்தின் உயரத்தை அளந்தே எந்தத் துறைக்கு நேராக நிற்கிறோம் என்று கண்டார்கள். 8 செ.மீ. உயரமுள்ள கெட்டி அட்டை ஒன்றை வெட்டி, நடுவில் துளையிட்டு நூல் கோருங்கள். நூலைப் பல்லில் கடித்து, அட்டையின் கீழ்விளிம்பு தொடுவானத்திலும் மேல்விளிம்பு நட்சத்திரத்திலும் படும் வரை நகர்த்தி, அந்த இடத்தில் முடிச்சுப் போட வேண்டும். ராமேஸ்வரத்தில் அட்டை கண்ணிலிருந்து ஏறத்தாழ 49 செ.மீ. தூரத்தில் நிற்கும். நாகப்பட்டினத்துக்கு 42, சென்னைக்கு 34. துருவ நட்சத்திரம் துருவத்தின் நேர்மேலே நிற்பதில்லை என்பதால் இரண்டு மூன்று செ.மீ. கூடக்குறைய வரும்.

இதற்கு வடக்கே கடல் தெரிய வேண்டும், அதனால் வடகடல் பக்கம்தான் சரி. கீழக்கரையில் வடக்கே ஊர் விளக்குகள் மறைத்துவிடும்; அங்கே தங்கினால் நடுச்சாமத்துக்குப் பிறகு தெற்கே, தொடுவானத்திலிருந்து இரண்டு முஷ்டி உயரத்தில் எழும் தெற்குச் சிலுவையைக் காட்டுங்கள்.

படுக்கை, உடம்பு

தலை தோணியின் நடுக்கோட்டுப் பக்கம், கால் ஓரத்துப் பக்கம். உயிர்காப்புச் சட்டைதான் தலையணை. தேடாமல் கைக்குக் கிடைக்கும். மேலே தார்ப்பாய் கட்டாமல் படுத்தால் மாசிப் பனியில் போர்வை பிழியும் அளவுக்கு நனையும். தலைசுற்றல் உள்ளவர்களைத் தோணியின் நடுவில், காற்றுப் படும் இடத்தில் உட்கார வைத்துத் தொலைவில் அசையாத விளக்கு ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமாக வாந்தி வருபவர்கள் என்ன மாத்திரை, எப்போது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வரட்டும். இரவில் கடலில் குளிப்பது கிடையாது. காலையில் கரையோரம் இறங்கினால் திருக்கை மேல் மிதிக்காமலிருக்கக் காலை மணலில் தேய்த்தபடி நடக்க வேண்டும். திருக்கை குத்தினால், சுடாத அளவு வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். சொறி (ஜெல்லிமீன்) பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்க்காமல் கடல்நீராலேயே கழுவுங்கள்.

இறங்கும்போது

காலை 6 மணிக்குக் கஞ்சி. 7க்குத் தளத்தைக் கடல்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் மரத்தை உளுக்க வைக்கும், உப்புநீர் காக்கும். காரணத்தைச் சொன்னால் பிள்ளைகள் வாளி வாளியாக இறைப்பார்கள். கயிறுகளை எடுத்த இடத்தில், எடுத்த விதமாகவே சுருட்டி வையுங்கள். குப்பை முழுக்கக் கரைக்கு. ஏறியது போலவே ஒவ்வொருவராக இறங்கி, ஜெட்டியில் நின்று இன்னொரு முறை 23 வரை எண்ண வேண்டும். காவல் ஏட்டின் ஒரு நகலை, கசிவு அளவுகளோடு, தண்டலிடம் கொடுங்கள். அடுத்த கலப்பத்து எந்த இடத்தில் வேண்டும் என்று அவருக்கு அதிலிருந்து தெரியும். பேருந்து கிளம்புவதற்கு முன் கடலோரக் காவல் நிலையத்துக்கு போன் செய்து, எல்லாரும் கரை இறங்கிவிட்டார்கள் என்று தெரிவித்துவிடுங்கள். அந்தத் தகவல் போகாவிட்டால் அவர்களின் ரோந்துப் படகு உங்களைத் தேடி வரும்.